மாற்றுத்திறனாளி மகனுக்கு வரிக் கணக்குத் தாக்கல்: கட்டணமில்லா உதவியை எங்கே, எப்படிக் கேட்பது?

கரிசல்மண் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் அமெரிக்காவில் குடியேறி இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. குடியுரிமையும் பெற்றுவிட்டோம். என் மகனுக்கு 27 வயது. ஆட்டிசத்தோடு அறிவுத்திறன் குறைபாடும் இருப்பதால் அவன் எங்களுடனேயே வாழ்கிறான். வருமானமும் சொத்தும் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கு மத்திய அரசு தரும் எஸ்எஸ்ஐ உதவித்தொகை மாதந்தோறும் வருகிறது. அதோடு, மாற்றுத்திறனாளிகளுக்காக ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் பட்டறையில் மூன்று ஆண்டுகளாகப் பொருள்களை உறையிலிட்டு ஒட்டும் வேலைக்குப் போகிறான். ஆண்டு முழுவதும் சேர்த்தால் 4,000 டாலரைச் சற்றுத் தாண்டும். குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவுதான் என்றாலும், காலையில் தானே சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் வண்டிக்குக் காத்து நிற்பதில் அவனுக்குள்ள பெருமையைப் பணத்தால் அளக்க முடியாது.

இந்த ஆண்டு ஆண்டுச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி வேலை கொடுப்பவர் தரும் அவனுடைய டபிள்யூ-2 படிவத்தை முதன்முறையாக உட்கார்ந்து படித்தேன். இரண்டாம் கட்டத்தில், அதாவது மத்திய வருமான வரியாகப் பிடித்த தொகைக்கான இடத்தில், 260 டாலர் என்று இருக்கிறது. பழைய படிவங்களைத் தேடி எடுத்தால் முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் அதே 260. அவனுக்காக நாங்கள் இதுவரை கணக்கே தாக்கல் செய்ததில்லை. கூடுதலாகப் பிடித்த வரி ரீஃபண்டாக அவன் பெயரில் திரும்பி வந்தால் எஸ்எஸ்ஐ நின்றுவிடும், மருத்துவ உதவியும் போய்விடும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பு ஒருவர் சொன்னார். அந்த அச்சத்திலேயே நாங்கள் இருந்துவிட்டோம்.

என் சம்பளம் ஆண்டுக்கு 38,000 டாலர் அளவில் இருக்கும். மனைவி வேலைக்குப் போவதில்லை, மகனைப் பார்த்துக்கொள்கிறாள். எங்கள் கணக்கைக் கட்டணம் வாங்கித் தாக்கல் செய்யும் ஒருவரிடம் கொடுத்துவந்தோம். சென்ற ஆண்டு அவர் கேட்ட தொகை எங்களுக்குத் தாங்கவில்லை. மகனைப் பற்றி அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. வயது வந்துவிட்டதால் அவனை எங்கள் கணக்கில் காட்ட முடியாது என்று நாங்களும் எண்ணிக்கொண்டோம்.

ஆகவே, மாற்றுத்திறனாளிகள் உள்ள குடும்பங்களுக்குக் கட்டணமில்லாமல் கணக்குத் தாக்கல் செய்துதரும் இடம் உண்டா, அங்கே அவனையும் அழைத்துச் செல்ல வேண்டுமா, அந்த 260 டாலரைக் கேட்டால் உதவித்தொகைக்கு ஆபத்து வருமா என்பதை அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாவேன். கூட்டமும் இரைச்சலும் உள்ள அறையில் என் மகனால் பத்து நிமிடங்களுக்கு மேல் உட்கார முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஐயா, நான் ஒன்பது ஆண்டுகளாக ஒவ்வொரு வரிப் பருவத்திலும் மத்திய வரித் துறையான ஐஆர்எஸ்ஸின் வீட்டா என்ற கட்டணமில்லா உதவித் திட்டத்தில் தன்னார்வலராகக் கணக்குத் தாக்கல் செய்துதருகிறேன். (நம் காதுக்கு வீட்டுக்கே வந்து செய்துதருவார்கள் போலத் தோன்றும், பெரும்பாலும் நாம்தான் மையத்துக்குப் போக வேண்டும்.) 1969இலிருந்து நடந்துவரும் இந்தத் திட்டத்தில் நூலகங்கள், சமுதாயக் கூடங்கள், கல்லூரிகள் போன்ற இடங்களில், ஐஆர்எஸ்ஸின் தேர்வை எழுதிச் சான்று பெற்றவர்கள் ஒரு காசும் வாங்காமல் கணக்கை முடித்துக்கொடுக்கிறார்கள். வருமான வரம்பு ஆண்டுக்கு ஆண்டு சற்றே மாறும். 2025 பருவத்தில் பொதுவாக 67,000 டாலர் வரை என்று அறிவித்திருந்தார்கள். மாற்றுத்திறனாளிகளையும் ஆங்கிலத்தில் தடுமாறுபவர்களையும் இத்திட்டத்துக்கு உரியவர்களாகத் தனியே பெயர் சொல்லியே குறிப்பிடுகிறார்கள். அருகிலுள்ள மையத்தை அறிய 800-906-9887 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். முதியோருக்கான ஏஏஆர்பி அமைப்பின் டாக்ஸ்-எய்ட் மையங்களும் இதே வேலையைச் செய்கின்றன. அது முதியவர்களுக்கு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். வயது வரம்பும் இல்லை, உறுப்பினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

முதலில் உங்கள் அச்சத்தைத் தீர்த்துவிடுகிறேன். ஏனெனில் நான் பார்த்த வரையில் தாக்கல் செய்யாமலே இருந்துவிடும் குடும்பங்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே காரணத்தால்தான் ஒதுங்கியிருக்கின்றன. மத்திய வரி ரீஃபண்டு எஸ்எஸ்ஐக்கு வருமானமாகக் கணக்கிடப்படாது. கையில் வந்த நாளிலிருந்து 12 மாதங்கள் வரை சொத்தாகவும் கணக்கிடப்படாது. மெடிக்கெய்டு எனும் மருத்துவ உதவி உட்பட, மத்திய அரசின் பணத்தில் நடக்கும் எல்லா உதவிகளுக்கும் இது பொருந்தும். 2010இல் தற்காலிகமாக வந்த இந்த விதியை 2012ஆம் ஆண்டின் சட்டம் நிரந்தரமாக்கிவிட்டது. உங்களிடம் சொன்னவர் அதற்கு முந்தைய நிலையை மனத்தில் வைத்துச் சொல்லியிருக்கலாம். எஸ்எஸ்ஐயின் சொத்து வரம்பு 1989இலிருந்து தனியாளுக்கு 2,000 டாலர் என்ற இடத்திலேயே நிற்பதால், பன்னிரண்டு மாதங்களுக்குள் அந்தப் பணத்தைச் செலவழித்துவிட வேண்டும், இல்லையெனில் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே உள்ள ஏபிள் என்ற சேமிப்புக் கணக்கில் போட்டுவிட வேண்டும். ஏபிள் கணக்கில் 1,00,000 டாலர் வரை இருந்தாலும் எஸ்எஸ்ஐ அதைச் சொத்தாகப் பார்ப்பதில்லை. குறைபாடு 26 வயதுக்கு முன் தொடங்கியிருக்க வேண்டும் என்றிருந்த விதியை 2026 ஜனவரியிலிருந்து 46 வயது என்று தளர்த்தியிருக்கிறார்கள். உங்கள் மகனுக்கு எப்படியும் தகுதி உண்டு.

இனி அந்த 260 டாலருக்கு வருகிறேன். அத்தனை குறைந்த கூலியில் வரி பிடிப்பதற்கே வழியில்லை. மூன்று ஆண்டுகளும் ஒரே தொகை என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் 26ஆல் வகுத்துப் பார்த்தேன்; சரியாகப் பத்து வருகிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கூலி கொடுக்கும் இடமாக இருந்தால், வேலையில் சேர்ந்தபோது நிரப்பிய டபிள்யூ-4 படிவத்தில் 4(சி) என்ற வரியில் யாரோ பத்து என்று எழுதியிருக்கிறார்கள். ‘கூடுதலாகப் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று நாமே கேட்பதற்கான வரி அது. வேறொரு படிவம் கொடுத்து அந்த வரியை வெறுமையாக விட்டுவிட்டால் இனிமேல் பிடிக்க மாட்டார்கள். ஏற்கெனவே போனதைத் திரும்பப் பெற அவன் பெயரில் ஆண்டுக்கு ஒன்றாகக் கணக்குத் தாக்கல் செய்தால் போதும். எஸ்எஸ்ஐ தொகைக்கு வரியும் இல்லை, அதைக் கணக்கில் எங்கும் காட்ட வேண்டியதும் இல்லை. அவன் கணக்கில் ‘வேறொருவர் என்னைச் சார்ந்தவராகக் காட்டலாம்’ என்ற கட்டத்தைக் குறிக்க மறக்கக் கூடாது. காரணம், பெரிய தொகை அவனுடைய கணக்கில் அன்று, உங்களுடைய கணக்கில்தான் காத்திருக்கிறது.

ஈஐடிசி எனப்படும் உழைப்பு வருமானச் சலுகைக்குப் பிள்ளையின் வயது வரம்பு 19, மாணவராக இருந்தால் 24 என்பது பலருக்கும் தெரியும். நிரந்தரமாகவும் முழுமையாகவும் குறைபாடுடைய பிள்ளைக்கு வயது வரம்பே இல்லை என்பது வரி பார்ப்பவர்களிலேயே பலருக்கு நினைவில் நிற்பதில்லை. 2025ஆம் ஆண்டு வருமானத்துக்கு, ஒரு பிள்ளையுள்ள தம்பதியர் சேர்ந்து தாக்கல் செய்தால் 57,554 டாலருக்குக் கீழ் இந்தச் சலுகை உண்டு. அதிகபட்சம் 4,328 டாலர். நீங்கள் சொன்ன 38,000 சம்பளத்துக்கு நான் போட்டுப் பார்த்ததில் ஏறத்தாழ 3,100 டாலர் வருகிறது. அவனை உங்களைச் சார்ந்தவராகக் காட்டினால் கிடைக்கும் 500 டாலர் வரிச் சலுகை இதற்கு மேல். இந்தப் பணம் உங்கள் பெயரில் வருவதாலும், வயது வந்த மகனின் எஸ்எஸ்ஐக்குப் பெற்றோரின் வருமானத்தைப் பார்ப்பதில்லை என்பதாலும், அவனுடைய உதவித்தொகையை இது தொடவே தொடாது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. ‘முழுமையாக’ என்ற சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள், குறிப்பிடத்தக்க ஊதிய வேலை எதையும் செய்ய இயலாதவர் என்பது. அந்த நிலை ஓராண்டுக்குக் குறையாமல் நீடித்திருக்கிறது அல்லது நீடிக்கும் என்று மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும். வெளிச்சந்தையில், குறைந்தபட்சக் கூலிக்குக் குறையாத சம்பளத்தில், முதலாளி சொன்ன நேரத்துக்குப் போய் வேலை செய்பவராக இருந்தால், அது பகுதிநேர வேலையாக இருந்தாலும் தகுதி போய்விடக்கூடும். உங்கள் மகன் போகும் பட்டறை, மாற்றுத்திறனாளிகளுக்கென்றே பாதுகாப்பான சூழலில் சொற்பக் கூலிக்கு நடப்பது. இத்தகைய வேலையைத் தகுதியிழப்பாகக் கொள்வதில்லை. இருந்தாலும் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தாக்கல் செய்யும்போது யாரும் கேட்க மாட்டார்கள். ஓராண்டு கழித்து ஐஆர்எஸ்ஸிலிருந்து கடிதம் வந்தால் அப்போது கேட்பார்கள்.

கடைசியாக ஓர் அவசரம். விட்டுப்போன ரீஃபண்டைக் கேட்க மூன்று ஆண்டுகள்தாம் அவகாசம். 2022ஆம் ஆண்டுக் கணக்கில் மகனைச் சேர்க்காமல் விட்டிருந்தால் அதைத் திருத்துவதற்கான காலம் 2026 ஏப்ரல் நடுவில் முடிகிறது. 1040-எக்ஸ் என்ற திருத்தப் படிவத்தை எல்லா மையங்களும் எடுத்துக்கொள்வதில்லை. முன்பதிவு செய்யும்போதே ‘பழைய ஆண்டுகளுக்கும் திருத்தம் வேண்டும், செய்வீர்களா?’ என்று கேட்டுவிடுங்கள்.

வெண்கோல் எழுதியது:

கணக்குப்பிள்ளை ஐயா வரிப் பக்கத்தை விளக்கிவிட்டார். நான் மேசையின் மறுபக்கத்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு இரு கண்களிலும் பார்வை இல்லை, வேலை செய்து சமூகப் பாதுகாப்பு வரி கட்டியவர்களுக்குக் குறைபாடு வந்தால் தரப்படும் எஸ்எஸ்டிஐ உதவித்தொகை பெறுகிறேன். இதைத் திரைவாசிப்பான் மூலம்தான் எழுதுகிறேன்.

வரிக் கணக்கைப் பொறுத்தவரை பார்வையற்றவருக்குப் பெரிய சங்கடம் கணிதம் அன்று. தன் ஆண்டு வருமானத்தையும் வங்கிக் கணக்கு எண்ணையும் சமூகப் பாதுகாப்பு எண்ணையும் இன்னொருவரின் கண்ணில் ஒப்படைத்துவிட்டு, அவர் படித்துச் சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டியிருப்பதுதான். எனக்கு உதவித்தொகை கிடைக்க மேல்முறையீடு வரை போய், நிலுவை முழுவதும் ஒரே தவணையில், 40,000 டாலருக்கு மேல் வந்தது. கட்டணம் வாங்கிக் கணக்குப் பார்த்த ஒருவர் அந்தத் தொகையை அப்படியே அந்த ஓர் ஆண்டின் வருமானமாகக் காட்டினார். ‘இங்கே போடுங்கள்’ என்று என் விரலைக் காகிதத்தில் வைத்தார், போட்டேன். வரி கட்டச் சொல்லிக் கடிதம் வந்த பிறகுதான், தயாரித்தவர் கையெழுத்திட வேண்டிய இடத்தில் அவர் தன் பெயரையே எழுதவில்லை என்பது தெரிந்தது. கட்டணம் வாங்குபவர் கையெழுத்திட்டுத் தன் பதிவு எண்ணையும் எழுதியாக வேண்டும். அதைச் செய்ய மறுப்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அதைச் சரிசெய்தவர் ஒரு வீட்டா தன்னார்வலர். எஸ்எஸ்டிஐ என்பது எஸ்எஸ்ஐ போல முற்றிலும் வரியற்றது அன்று. உதவித்தொகையில் பாதியும் பிற வருமானமும் சேர்ந்து தனியாளுக்கு 25,000 டாலரையும், சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதியருக்கு 32,000 டாலரையும் தாண்டினால், உதவித்தொகையில் ஒரு பகுதிக்கு வரி உண்டு. அந்தப் பகுதி 85 விழுக்காடு வரை போகலாம். ஆனால் நிலுவையாக வந்த தொகையை அது எந்தெந்த ஆண்டுகளுக்கு உரியதோ அந்தந்த ஆண்டின் வருமானத்தோடு சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்து, வரி குறைவாக வந்தால் அந்த முறையைத் தேர்ந்தெடுக்கலாம். பழைய கணக்குகளைத் திறந்து திருத்த வேண்டியதில்லை. எந்த ஆண்டுக்கு எவ்வளவு என்ற விவரம் சமூகப் பாதுகாப்பு அலுவலகம் அனுப்பும் எஸ்எஸ்ஏ-1099 படிவத்திலேயே அச்சாகியிருந்தது. முதலாமவர் அதைப் படிக்கவில்லை. என்னாலும் படிக்க முடியவில்லை.

அந்தத் தன்னார்வலர் பழக்கத்தில் கணினித் திரையை என் பக்கம் திருப்பினார். பிறகு தானே சிரித்துவிட்டு மீண்டும் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை குரலைத் தாழ்த்திப் படித்தார். வங்கிக் கணக்கு எண்ணை நான் சொல்ல அவர் தட்டினார், அவர் திரும்பப் படிக்க நான் சரிபார்த்தேன். ஒரு முறை 6க்கும் 9க்கும் இடையில் பிழை இருந்ததைப் பிடித்தோம். இவ்வாறு படிக்கச் சொல்லிக் கேட்பது தொந்தரவு கொடுப்பதாகாது. கேளுங்கள், கேட்டால் செய்வார்கள்.

பார்வையற்றவர்களுக்கு இன்னும் இரண்டு செய்திகள். வரி போடுவதற்கு முன் வருமானத்திலிருந்து கழிக்கும் நிலையான கழிவோடு பார்வையற்றவருக்குக் கூடுதல் கழிவு உண்டு. 2025ஆம் ஆண்டுக்கு மணமாகாதவருக்கு 2,000 டாலர், மணமானவர்களுக்கு ஆளுக்கு 1,600 டாலர். முழுப் பார்வையிழப்பு இல்லாவிட்டாலும், நல்ல கண்ணில் கண்ணாடி அணிந்தும் 20/200க்கு மேல் தெரியாதவர்களும், பார்வைப் புலம் 20 பாகைக்கு மிகாதவர்களும் இதற்கு உரியவர்கள். கண் மருத்துவரின் சான்றை வீட்டில் வைத்திருந்தால் போதும். மற்றொன்று, ஐஆர்எஸ் அனுப்பும் அறிவிப்புகளைப் பெரிய எழுத்திலோ பிரெய்லிலோ ஒலிக்கோப்பாகவோ பெறலாம். படிவம் 9000ஐ நிரப்பிக் கணக்கோடு சேர்த்துவிட்டால் போதும். அணுகுதல் தொடர்பான ஐயங்களுக்கென்று 833-690-0598 என்ற தனி எண்ணும் உண்டு. ஆனால் உங்கள் கணக்கு விவரம் எதையும் அவர்களால் பார்க்க முடியாது, ரீஃபண்டு எங்கே நிற்கிறது என்று அவர்களிடம் கேட்டுப் பயனில்லை.

கரிசல்மண் எழுதியது:

இருவருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. 3,100 என்ற எண்ணை என் மனைவி மூன்று முறை படிக்கச் சொன்னாள். மேலும் இரண்டு ஐயங்கள் எழுகின்றன. மகனின் எஸ்எஸ்ஐ தொகையை வாங்கி நிர்வகிக்கும் பொறுப்பாளராகச் சமூகப் பாதுகாப்பு அலுவலகம் என்னைத்தான் நியமித்திருக்கிறது. அப்படியென்றால் அவனுடைய வரிக் கணக்கிலும் நானே கையெழுத்திடலாமா? இன்னொன்று, ஊரில் தந்தையார் விட்டுச்சென்ற பணம் என் பெயரில் ஒரு வங்கியில் வைப்பாக இருக்கிறது. அதை இதுவரை நான் எங்கும் சொல்லவில்லை. கட்டணமில்லா மையத்தில் அதைச் சொல்லலாமா என்றும் தெரியவில்லை.

நெய்தல் எழுதியது:

கையெழுத்துக் கேள்விக்குத் தெரிந்தவர்கள் பதில் சொல்லட்டும். அழைத்துச் செல்வது பற்றி மட்டும் என் அனுபவத்தைப் பகிர்கிறேன்.

என் கணவருக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. இங்கே வந்த பிறகு அமெரிக்கச் சைகை மொழியைக் கற்றுக்கொண்டார். அதில் என்னைவிடப் பல மடங்கு தேர்ந்தவர். முதல் ஆண்டு முன்னறிவிப்பு ஏதுமின்றி ஒரு மையத்துக்குப் போனோம். தன்னார்வலர் நல்லவர்தான், ஆனால் ஒவ்வொரு கேள்வியையும் என் முகத்தைப் பார்த்துக் கேட்டார். ‘அவருக்கு வேறு வருமானம் உண்டா? அவர் எங்கேயாவது படிக்கிறாரா?’ என்றார். சம்பளம் வாங்குபவர் அவர், வரி கட்டுபவர் அவர், பேச்சு முழுவதும் அவருடைய தலைக்கு மேலே நடந்தது. பாதியில் நான் சோர்ந்துபோய் இரண்டு கேள்விகளைச் சைகையில் சொல்லாமலே நானாகப் பதில் சொல்லிவிட்டேன். அவற்றில் ஒன்று தவறான பதில். அவர் அந்த ஆண்டு மாலை வகுப்புக்குக் கட்டிய கட்டணம் எனக்கு நினைவில்லாமல் போய்விட்டது.

அடுத்த ஆண்டு இரண்டு வாரங்களுக்கு முன்பே தொலைபேசியில் அழைத்துச் சைகைமொழி பெயர்ப்பாளர் வேண்டும் என்று சொன்னோம். மறுமுனையில் இருந்தவர் தயங்கினார். மத்திய அரசின் நிதியைப் பெறும் அமைப்புகள் எவையாயினும், 1973ஆம் ஆண்டின் மறுவாழ்வுச் சட்டத்தில் 504ஆம் பிரிவின்படி மாற்றுத்திறனாளிகளுக்குத் தக்க ஏற்பாடு செய்தாக வேண்டும் என்பதைப் பணிவாகவே நினைவூட்டினேன். இரண்டு நாளில் ஏற்பாடு செய்து அழைத்தார்கள். அன்று நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வார இதழை முழுவதும் படித்து முடித்தேன். திருமணமாகி எத்தனையோ அலுவலகங்களுக்குச் சேர்ந்து போயிருக்கிறோம், அவர் வேலை முடியும் வரை நான் சும்மா உட்கார்ந்திருந்தது அதுவே முதல் முறை.

ஆகவே ஐயா, உங்கள் மகனுக்கு என்ன தேவையோ அதை முன்பதிவின்போதே சொல்லுங்கள். மூடிய அறை, கூட்டம் குறைந்த நேரம், இடையில் எழுந்து நடக்க அனுமதி என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். ‘மகனுக்கு ஆட்டிசம்’ என்று மட்டும் சொன்னால் அவர்கள் அனுதாபப்படுவார்கள், ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியாது. ஐஆர்எஸ் அலுவலகத்துக்கே போக நேர்ந்தால் அங்கேயும் முன்பதிவு செய்யும்போது மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். காது கேளாதவர்கள் பயன்படுத்தும் டிடிடி தொலைபேசிக்கான எண் 800-829-4059.

கணக்குப்பிள்ளை எழுதியது:

நெய்தல் அம்மா சொன்னதை எங்கள் மையத்தின் பயிற்சி வகுப்பில் அப்படியே சொல்லப்போகிறேன். அந்தத் தவறை நானும் செய்திருக்கிறேன்.

கையெழுத்தைப் பற்றி: சமூகப் பாதுகாப்பு அலுவலகம் உங்களை நியமித்தது அந்த உதவித்தொகையை வாங்கிச் செலவிடுவதற்கு மட்டும்தான். வரிக் கணக்கில் மகனுக்காகக் கையெழுத்திட அந்த நியமனம் அதிகாரம் தருவதில்லை. இந்தக் குழப்பத்தால் மையம் வரை வந்து திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தான் எதில் கையெழுத்திடுகிறோம் என்பது எளிய சொற்களில் சொன்னால் அவனுக்குப் புரியும் என்றால், அவனே கையெழுத்திடலாம். எழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அவ்வாறு புரிந்துகொள்ளக்கூடியவராக இருந்தால், 2848 என்ற படிவத்தின் மூலம் உங்களுக்கு அதிகாரம் வழங்கவும் அவனால் முடியும். புரிந்துகொள்ள இயலாத நிலை என்றால் நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர்தான் கையெழுத்திட வேண்டும். அந்த ஆணை உங்களிடம் இருந்தால் அதன் நகலைக் கொண்டுவாருங்கள்.

மையத்தில் நடப்பது இதுதான். முதலில் 13614-சி என்ற கேள்வித்தாளை நிரப்பச் சொல்வார்கள். அதை முன்கூட்டியே இணையத்தில் எடுத்து வீட்டில் நிதானமாக நிரப்பிக்கொண்டால் அங்கே உட்காரும் நேரம் பாதியாகிவிடும். பிறகு ஒருவர் நேரில் கேட்டுக் கணக்கைப் போடுவார், மற்றொருவர் தொடக்கத்திலிருந்து சரிபார்ப்பார், அதன் பிறகே கையெழுத்து. சில மையங்களில் ஆவணங்களைக் கொடுத்துவிட்டுப் போய் இன்னொரு நாள் கையெழுத்துக்கு மட்டும் வரலாம். சிலவற்றில் எல்லாமே இணையம் வழியாக நடக்கும். உங்கள் மகனுக்கு முதல் வகை பொருந்தும் என்று நினைக்கிறேன். அவன் அங்கே இருக்க வேண்டியது ஐந்து நிமிடம்தான். எல்லோருடைய சமூகப் பாதுகாப்பு அட்டைகளும், உங்கள் இருவருடைய, மகனுடைய புகைப்பட அடையாள அட்டைகளும், டபிள்யூ-2 படிவங்களும், வங்கி விவரமும், சென்ற ஆண்டுக் கணக்கின் நகலும் மறக்காமல் இருக்கட்டும். நீங்களும் மனைவியும் சேர்ந்து தாக்கல் செய்வதால் இருவரும் வர வேண்டும்.

ஊரில் உள்ள வைப்பைப் பற்றி மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த வட்டி அங்கே வரியற்றதாக இருந்தாலும் இங்கே வருமானம்தான். எடுத்துச் செலவழிக்காவிட்டாலும் வருமானம்தான். வெளிநாட்டுக் கணக்குகள் அனைத்தின் இருப்பும் சேர்ந்து ஆண்டின் எந்த ஒரு நாளிலாவது 10,000 டாலரைத் தாண்டியிருந்தால் எஃப்பார் என்ற அறிக்கையைத் தனியாக இணையத்தில் கொடுக்க வேண்டும். அதை நாங்கள் செய்துதருவதில்லை, நீங்களே கட்டணமின்றிச் செய்யலாம். அங்கே மியூச்சுவல் ஃபண்டு வைத்திருப்பவர்களின் கணக்கை நாங்கள் கையில் எடுக்கவே அனுமதி இல்லை. வைப்பு மட்டும் என்றால் பெரும்பாலும் சிக்கல் இருக்காது; ஆனால் ஒவ்வோர் ஆண்டும் வந்த வட்டியின் விவரத்தை வங்கியிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஆண்டுகளைத் திருத்தும்போது சலுகையை மட்டும் சேர்த்துவிட்டு வட்டியை விட்டுவிடுவது முறையாகாது. தொகை பெரியதாக இருந்தாலோ, ஐஆர்எஸ்ஸிடமிருந்து கேள்வி வந்தாலோ, குறைந்த வருமானமுள்ளவர்களுக்கென்று இயங்கும் எல்ஐடிசி எனப்படும் வரி உதவி மையங்களில் வழக்கறிஞர்கள் கட்டணமில்லாமலோ மிகச் சிறு கட்டணத்துக்கோ உங்களுக்காக வாதாடுவார்கள். அங்கே முதலில் ஆலோசித்துவிட்டுத் திருத்தத்தைத் தொடங்குவது நல்லது என்பதே என் கருத்து.

கரிசல்மண் எழுதியது:

இன்று காலை அந்த எண்ணுக்கு அழைத்தேன். முதல் மையம் பழைய ஆண்டுகளுக்கான கணக்குகளைச் செய்வதில்லை என்றது. இரண்டாவது மையத்தில் 2022 உட்பட எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். நெய்தல் அம்மா சொன்னபடி மூடிய அறை, கூட்டமில்லாத நேரம் என்று பெயர் சொல்லிக் கேட்டேன். செவ்வாய்க்கிழமை காலை, மற்றவர்களுக்குக் கதவைத் திறப்பதற்கு அரைமணி நேரம் முன்பே வரச் சொல்லியிருக்கிறார்கள். வைப்புப் பற்றிப் பேச எல்ஐடிசி மையம் ஒன்றிலும் நேரம் வாங்கிவிட்டேன். ஊரிலுள்ள வங்கிக்கு வட்டி விவரம் கேட்டு எழுதியும் விட்டேன்.

அலமாரியில் தேடியதில் அந்தப் பழைய டபிள்யூ-4 படிவத்தின் நகல் கிடைத்தது. கணக்குப்பிள்ளை ஐயா சொன்னது சரி. 4(சி) வரியில் 10 என்று இருக்கிறது. கையெழுத்து என்னுடையதுதான். என்ன நினைத்து எழுதினேன் என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. மகன் இப்போது மேசையில் உட்கார்ந்து ஒரு தாளில் தன் பெயரை எழுதி எழுதிப் பழகிக்கொண்டிருக்கிறான். இது எதற்கு என்று கேட்டதற்கு, ‘என் சம்பளம், என் கையெழுத்து’ என்கிறான்.